ஒன்பது குண்டுகள்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் கலவரப்பட வேண்டாம். இது துப்பறியும் கதை அல்ல. குற்றம் ஒன்று நடுவில் வரத்தான் போகிறது, குற்றவாளியும் அகப்படத்தான் போகிறான், அது பின்னால். நான் சொல்ல வந்தது சைக்கிள் சக்கரத்தின் நடுவே, அச்சைச் சுற்றிலும் கிரீஸில் முழுகிக் கிடக்கும் எஃகுக் குண்டுகளைப் பற்றி. நம் ஊரில் ஓடுகிற சாதாரணக் கறுப்புச் சைக்கிளை எடுத்துக்கொண்டால், முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது. முன்சக்கரத்துக் குண்டு மிளகளவு இருக்கும்; பின்சக்கரத்துக் குண்டு காய்ந்த பட்டாணியளவு, கணக்காகச் சொன்னால் கால் அங்குலம். ஆக, 38 குண்டுகளின் முதுகில் ஏறிக்கொண்டுதான் நாம் ஆபீசுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறோம். அவை நம்மிடம் ஒரு நன்றியையும் எதிர்பார்ப்பதில்லை. கொஞ்சம் கிரீஸைத்தான் எதிர்பார்க்கின்றன. அதையும் நாம் கொடுப்பதில்லை.

சிறு பிள்ளைகள் இதைப் 'பால்ரஸ்' என்பார்கள். 'பால் ரேஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தை மெக்கானிக் கடையிலிருந்து தெருவில் இறங்கிக் கோலி விளையாட்டுக்குள் நுழைவதற்குள் அப்படித் தேய்ந்துவிட்டது. அதிலுள்ள ரேஸ் பந்தயம் அல்ல. குண்டு ஓடுகிற தடம். பாடப் புத்தகம் எழுதியவர்கள் 'தாங்கி' என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். நல்ல சொல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய், "ஐயா, என் தாங்கியைச் சற்றுப் பாருங்கள்" என்று சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சென்ற பங்குனியில் என் சைக்கிளின் பின்சக்கரம் பேச ஆரம்பித்தது. பேச்சு என்றால் முதலில் முணுமுணுப்புத்தான். தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளைத் தாண்டும்போது கேட்காது. லஸ் பக்கம் இரவில் வரும்போது கேட்கும். "கொட்" என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "கொட்". நடுவே மணலை அம்மியில் அரைப்பது மாதிரி ஒரு நறநறப்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் நாளையாகவே ஓடிற்று. இதனால் வீட்டில் ஒரு சௌகரியமும் ஏற்பட்டிருந்ததை மறைப்பானேன்? நான் தெரு முனையில் திரும்பும்போதே என் மனைவிக்குச் சத்தம் கேட்டுவிடும். வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டுவதற்குள் காபி கலந்து வைத்திருப்பாள்.

கடைசியில் மனசாட்சி உறுத்தவே, அடையாற்றுப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த இளைஞர் சைக்கிளை ஒரு தரம் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான், மேலிருந்து கீழாக, பெண் பார்க்க வந்தவர்களின் மாமாவைப் போலப் பார்த்தார். "முழு வீலையும் மாத்திடுங்க சார். இதுக்கெல்லாம் இனிமே ஸ்பேர் கிடைக்காது" என்றார். எங்கள் அப்பா வாங்கிய சைக்கிள் அது. அந்தச் சக்கரத்தின் நாற்பது கம்பிகளையும் அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

மந்தைவெளியில் ஒரு மரத்தடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். கடை என்று சொல்ல முடியாது. ஒரு மரப் பெட்டி, ஒரு காற்றடிக்கிற பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் ஊற்றிய ஒரு பழைய இரும்புச் சட்டி, உட்கார ஒரு மணை. அவ்வளவுதான். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சைக்கிளைத் தொடக்கூட இல்லை.

"ஏறி ஒரு ரவுண்டு போங்க சார். வரும்போது மிதிக்காம சும்மா உருட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

போய் வந்தேன்.

"மிதிக்கலேன்னாலும் கொட்டுது. அப்போ பெடலு இல்ல, கிராங்கு இல்ல, செயினும் இல்ல. சக்கரந்தான்."

இவ்வளவு எளிய தர்க்கம் எனக்கு ஒரு மாதமாகத் தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது. அடுத்து, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டார். வால்வைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே விரல் மடக்கி எண்ணினார். பெட்டியிலிருந்து நீளமான ஒரு ஸ்பானரை எடுத்து, ஒரு முனையை அச்சின் நட்டில் வைத்து, மறு முனையைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டார். டாக்டர்கள் குழாய் வைத்துப் பார்ப்பார்களே, அதே பாவனை, அதே மௌனம். எனக்குக்கூட நாக்கை நீட்டலாமா என்று தோன்றிவிட்டது.

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தரம் கொட்டினா டயரு, இல்லாட்டி ரிம்மு. இது சுத்துக்கு ஒண்ணு கொட்டல. தள்ளித் தள்ளிக் கொட்டுது. ரெண்டு சுத்து வரப் போறப்ப ஒண்ணு. குண்டு உடைஞ்சிருக்கு சார்."

ஏன் அப்படி என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அச்சோடு பூட்டிய கோன் அசையாமல் நிற்கிறது. ஹப்போடு சேர்ந்த கப் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே குண்டுகள் உருள்கின்றன. பெரிய கல்லை உருளைக் கட்டைகள் மேல் வைத்துத் தள்ளும்போது பார்த்திருக்கலாம்: கல் இரண்டு முழம் போனால் கட்டை ஒரு முழந்தான் போகும். குண்டுகளும் அப்படியே சக்கரத்துக்குப் பின்தங்கி, ஏறக்குறையப் பாதி வேகத்தில்தான் அச்சைச் சுற்றி வருகின்றன. உடைந்த குண்டு, பாரம் அழுத்துகிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் சக்கரம் ஒரு சுற்றைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் பெரியவர் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை, காதால் படித்திருக்கிறார்.

"கோனும் குழி விழுந்திருக்கும். அது போகட்டும், புதுசு போட்டுக்கலாம். கப்பு எப்படி இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். கப்பு குழி விழுந்திருந்தா ஹப்பே போச்சு. அப்புறம் அந்தக் கடைக்காரப் பிள்ளை சொன்னதுதான்."

சைக்கிளைக் கவிழ்த்து, ஸ்டாண்டையும் கேரியரையும் விடுவித்து, செயினைக் கழற்றிச் சக்கரத்தை உருவினார். கோனைத் திருகியதும் கறுப்புக் குழம்பாகக் கிரீஸும், அதற்குள்ளிருந்து குண்டுகளும் ஒரு தகரக் கிண்ணத்தில் விழுந்தன. எல்லாவற்றின் மேலும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு துணியைக் கப்புக்குள் திணித்து ஊறவிட்டார். "டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்து போனார். அவர் டீ குடித்து வருவதற்குள் இந்தக் குண்டுகளின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குண்டு வருவதற்கு முன்னால் உலகத்திலிருந்த சக்கரமெல்லாம் அச்சில் தேய்ந்துதான் சுற்றியது. நம் ஊர்க் கட்டைவண்டிக்காரன் அச்சில் வண்டி மை தடவுவான். மை காய்ந்துவிட்டால் வண்டி கிரீச்சிடும். அந்தக் கிரீச்சொலியைக் கேட்டே இன்னார் வண்டி வருகிறது என்று ஊரில் சொல்வார்கள். நம் கபாலீசுவரர் பங்குனி உற்சவத்து ஏழாம் நாளில் தேரில் வருகிறாரே, அந்தத் தேரை நிலையிலிருந்து கிளப்புவதற்கு எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன என்று வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். கிளம்பிய பிறகு அவ்வளவு கஷ்டமில்லை. நிற்கிற அச்சைத் தேய்த்துக் கிளப்புவதுதான் பாடு.

தேய்வதற்குப் பதிலாக உருளவிட்டால் என்ன என்ற யோசனை, வேல்ஸ் நாட்டில் கார்மார்தன் என்ற ஊரில் இரும்புத் தொழில் செய்துவந்த பிலிப் வாகன் என்பவருக்கு வந்தது. குதிரை வண்டி அச்சுக்குள் இரும்புக் குண்டுகளை வைத்து 1794-ல் அவர் பேடண்ட் வாங்கினார். அருமையான யோசனை, உலகம் சட்டை செய்யவில்லை. குதிரைக்குக் கஷ்டம் குறைகிறது என்பதற்காக எந்த எஜமான் கூடுதல் பணம் கொடுப்பான்? இழுக்கிறவனும் ஏறுகிறவனும் ஒருவனே ஆகிற வண்டி பிறக்கிற வரையில் அந்த யோசனை காத்திருக்க வேண்டியிருந்தது. சைக்கிள் வந்தது. தன் காலே வலித்தபோதுதான் மனிதனுக்கு அச்சின் ஞாபகம் வந்தது.

பாரிஸ் நகரத்து சைக்கிள் மெக்கானிக் ஜூல் சுரிரே 1869-ல் சைக்கிள் சக்கரத்துக்கு ஏற்ற குண்டு அமைப்புக்குப் பேடண்ட் எடுத்தார். அதே வருஷம் நவம்பர் மாதம் பாரிஸிலிருந்து ரூவான் வரையில் 123 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. டயர் என்று சொல்லக்கூடிய காற்றடைத்த டயர் கிடையாது. டன்லப் அதைக் கண்டுபிடிக்க இன்னும் 19 வருஷம் இருந்தது. ஜேம்ஸ் மூர் என்ற இங்கிலீஷ்கார இளைஞர் சுரிரேயின் குண்டுகள் வைத்த வண்டியில் ஏறிச் சுமார் பத்தே முக்கால் மணி நேரத்தில் போய் முதலாவதாகச் சேர்ந்தார். ரேஸில் இருந்த குண்டு ரேஸை ஜெயித்தது.

ஆனால் பெரியவர் கையில் நான் பார்த்த கப்பும் கோனும் பிரான்ஸில் பிறந்தவை அல்ல. குண்டு தேய்ந்தால் தடமும் குண்டும் விலகி, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தைத் திருகி எடுக்க வழி வேண்டும். திருகிச் சரிசெய்துகொள்ளக்கூடிய குண்டுத் தடத்துக்கு பர்மிங்காம் நகரத்தில் ஜோசப் ஹென்றி ஹியூஸ் 1877-ல் பேடண்ட் எழுதினார். வில்லியம் பௌன் என்ற முதலாளி அதைத் தயாரித்து விற்றார். புத்தகத்தில் இதை ஒரு சின்ன விஷயமாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் பெரிய விஷயம் என்று படுகிறது. முதல் இரண்டு பேரும் சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். இவரோ கெட்டுப்போன சக்கரத்தைத் தெருவோரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் சரிசெய்ய முடியும்படி வைத்தார். மந்தைவெளி மரத்தடிக்கு அஸ்திவாரம் போட்டவர் அவரே.

இன்னும் ஒரு குறை பாக்கி இருந்தது. குண்டுகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்பதில் ஒன்று மயிரிழை பெருத்திருந்தாலும், அது அடியில் வருகிற நேரமெல்லாம் பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். மற்றவை சும்மா கூட வரும். அந்த ஒன்று சீக்கிரம் நசுங்கும், அல்லது தடத்தைக் குழி பறிக்கும். ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஊரில் பிரீட்ரிஷ் பிஷர் என்பவர் 1883-ல், எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவாக, உருண்டை பிசகாமல் அரைத்தெடுக்க ஓர் இயந்திரம் செய்தார். அதற்குப் பிறகுதான் குண்டு மலிவாயிற்று, சைக்கிளும் மலிவாயிற்று.

பிஷரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. ஆரம்பத்தில் சொன்னேனே குற்றவாளி என்று, அவன் வேறு யாரும் இல்லை.

1980-களின் கடைசி வருஷங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அப்பா கூடத்தில் தினசரிப் பேப்பரை விரித்துச் சைக்கிளை ஓவர்ஹால் செய்துகொண்டிருந்தார். 'ஓவராயில்' என்றுதான் தெருவில் சொல்வோம். எண்ணெய் போடுகிற காரியமாதலால் அதுவே பொருத்தமான பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். துடைத்த குண்டுகளை ஒரு பித்தளைத் தட்டில் போட்டுவிட்டு அவர் கை கழுவப் போனார். கோலியில் அன்றைக்கு முதல் நாள் நான் தோற்றுப்போயிருந்தேன். பால்ரஸ் ஒன்று கையிலிருந்தால் கண்ணாடிக் கோலிகளைச் சிதற அடிக்கலாம். ஒன்றை எடுத்து டிராயர் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா வந்து எண்ணினார். குறைந்தது. கூடம் முழுவதும் துடைப்பத்தால் தடவிப் பார்த்தார். கடைசியில், உருண்டோடியிருக்கும் என்று தீர்மானித்து, தகர டப்பாவில் உதிரியாக வைத்திருந்த புதுக் குண்டு ஒன்றைப் போட்டுப் பூட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து அந்தச் சக்கரம் லேசாக உறுமிற்று.

அப்பாவின் சைக்கிள் அதுவரையில் பூனை மாதிரி வரும். எப்போது வந்தார் என்று தெரியாது. எதிர் வீட்டுத் திண்ணையில் கேரம் ஆடிக்கொண்டிருக்கிற நாங்கள் மூன்று பேரும் கையும் களவுமாக அகப்படுவோம். உறுமல் ஆரம்பித்த பிறகு எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. தெரு முனையில் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் ஓடிப் புத்தகத்தைத் திறந்துவிடுவோம். அப்பா எங்கள் படிப்பைப் பார்த்துப் பூரித்துப்போனார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் சக்கரத்தைப் பிரித்தார். ஒரு பக்கத்து ஒன்பது குண்டுகளையும் முகம் பார்க்கிற கண்ணாடியின் மேல் பரப்பி, சுவாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடி ஒன்றை அவற்றின் மேல் மெதுவாக வைத்தார். மேல் கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. புதுக் குண்டுக்குப் பக்கத்திலிருந்த பழைய குண்டுகள் பாரம் தொடாமல் தாராளமாக உருண்டன.

"பார்த்தாயா? இந்த எட்டும் தேய்ஞ்சுபோச்சு. இது ஒண்ணு புதுசு. எட்டு பேர் வேலையை இது ஒண்ணு செய்யறது" என்றார்.

திட்டவில்லை; என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடைக்குப் போய் ஒன்பது புதுக் குண்டு வாங்கி வரச் சொல்லி என்னிடம் காசு கொடுத்தார். வாங்கி வந்தேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற தைரியம் எனக்கு அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவர் காலமான பிறகு அந்தத் தகர டப்பாவில் அதைப் போட்டு வைத்தேன்.

பிஷரின் ஊருக்கு வருவோம். சைக்கிளுக்காகப் பிறந்த குண்டு மோட்டாருக்குப் போயிற்று, ஆகாய விமானத்துக்குப் போயிற்று, டாங்கிக்கும் போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மனியின் குண்டுத் தொழில் பெரும்பகுதியும் ஷ்வைன்ஃபுர்ட்டில் குவிந்திருப்பதை நேச நாட்டார் கண்டுகொண்டார்கள். அதை நசுக்கினால் ஜெர்மனியின் சக்கரங்களே நின்றுபோகும் என்று கணக்குப் போட்டு, 1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அமெரிக்க விமானங்கள் பகல் வேளையில் போய்த் தாக்கின. அக்டோபர் 14-ஆம் தேதி ஒரே நாளில் 60 பெரிய விமானங்கள் திரும்பி வரவில்லை. தமிழில் சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேடிக்கை இல்லை: குண்டுக்காகக் குண்டு போட்டார்கள். அதே சமயத்தில் பிரிட்டிஷார் ஸ்வீடனிலிருந்து குண்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் போக வழியில்லை. மரத்தாலான மாஸ்கிட்டோ விமானங்கள், ஜெர்மானியர் வசமிருந்த நார்வேயைத் தாண்டி இரவில் ஸ்டாக்ஹோமுக்குப் பறந்து மூட்டை மூட்டையாக ஏற்றி வந்தன. வெடிகுண்டு வைக்க வேண்டிய வயிற்றில் எஃகுக் குண்டு! அவசரமான பிரயாணிகளையும் அதே வயிற்றில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

சக்கரத்தின் சத்தமே ஒரு யுத்தத்தில் ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. அது நமக்கு இன்னும் கிட்டத்துச் சமாச்சாரம். தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் எத்தனையோ வீடுகளுக்கு அப்போது மலாயாவில் உறவு இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். ரப்பர்த் தோட்டத்துச் சாலைகளின் வெயிலில் டயர்கள் வெடித்தன. டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் கடகடவென்று உருண்டு வருகிற ஓசையை, டாங்கிகள் வருவதாக எண்ணி எதிரிகள் பின்வாங்கினார்கள் என்று, அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்ட அதிகாரி மசநோபு சுஜி பின்னால் எழுதியிருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார், ஒவ்வொரு கம்பெனியிலும் சைக்கிள் பழுதுபார்க்கவென்றே குறைந்தது இரண்டு ஆட்கள் இருந்தார்களாம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. பீரங்கிகள் கடலைப் பார்த்திருந்தன என்று சொல்வார்கள். அந்த இரண்டு மெக்கானிக்குகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

சென்னைக்கு இந்தக் குண்டுகள் வந்த வழி பர்மிங்காம் வழி. ஹியூஸின் ஊரில் 1910-ல் ஹெர்குலிஸ் சைக்கிள் கம்பெனி பிறந்தது. அதை 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பர்மிங்காம் கூட்டு நிறுவனம் வாங்கிற்று. நம்மவர்களான முருகப்பா குடும்பத்தார் அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கி, சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் தொழிற்சாலை கட்டினார்கள். அதற்கு முன்னால் சைக்கிள் என்றால் சீமையிலிருந்து பெட்டியில் வருவது. அப்போது அந்தப் பர்மிங்காம் நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் இந்த வெள்ளைக்காரர் யார் என்று யோசித்திருந்தால், யார் என்று இப்போது தெரிந்துகொள்ளலாம். 1955-ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை வந்தது. 1960-ல் செயின் தொழிற்சாலை வந்தது. வடக்கே சோனேபட்டிலும் லூதியானாவிலும் ஆசன்சாலிலும் அதே பத்தாண்டில் சைக்கிள்கள் கிளம்பின. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் குமாஸ்தாக்கள் டிராமையும் பஸ்ஸையும் நம்பாமல் சைக்கிளை வாங்கினார்கள். டிராம் 1953-ல் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை.

அந்தக் குமாஸ்தாக்களின் பிள்ளைகள் ஸ்கூட்டருக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகள் காருக்குப் போனார்கள். பாண்டி பஜாரிலே இன்றைக்குக் கறுப்புச் சைக்கிளை நிறுத்தினால் பால்காரர் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அதனால் சைக்கிள் ஒழிந்துவிட்டது என்று நாமாக முடிவுகட்டிவிடக் கூடாது. நம்மை விட்டுப் போய் வேறு மனிதர்களிடம் சேர்ந்திருக்கிறது. புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்து, ஆயிரக்கணக்கான பெண்களைச் சாலையில் இறக்கினார்கள். 2001-ல் தமிழக அரசாங்கம் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் அதை விரித்தது. மரத்தடிப் பெரியவர் பிழைப்பதே அதனால்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவரைச் சுற்றி நாலைந்து பின்னல்கள் நிற்கும்.

பெரியவர் டீ குடித்துவிட்டு வந்தார்.

கிண்ணத்திலிருந்த மண்ணெண்ணெயை வடித்துக் குண்டுகளைத் துணியில் கொட்டினார். எட்டு முழுசாயிருந்தன. ஒன்பதாவது இரண்டு பாதியாக, பருப்பு உடைத்தது மாதிரி. கோனை என் கையில் கொடுத்தார். தடத்தில் ஓரிடத்தில் அம்மை வடு போலக் குழிகள். நகத்தை வைத்தால் தட்டிற்று. பிறகு சக்கரத்தை மடியில் சாய்த்து, கப்புக்குள் திணித்திருந்த துணியை எடுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவினார். ஒரு சுற்று, மறுபடியும் ஒரு சுற்று. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கப்பு பிழைச்சுது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே மோதிரம் போல ஒரு பளபளப்பான கோடு மாத்திரம் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் குண்டுகள் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை. குழி இல்லை. "இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா போயிருக்கும். கிரீஸ் இருந்ததால தப்பிச்சுது. யாரோ நல்லா வெச்சிருந்திருக்காங்க" என்றார். அந்த 'யாரோ' நான் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

புதுக் கோனுக்கும் குண்டுக்கும் பெட்டியைத் துழாவினார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பதினெட்டும் புதுசு போடச் சொன்னேன். "மத்த பக்கம் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். இருக்கட்டும், எல்லாம் ஒரு வயசாக இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக என்னை மதித்தார் என்று நினைக்கிறேன்.

கப்பில் விரலால் கிரீஸை அப்பி, அதில் ஒவ்வொரு குண்டாகப் பதித்தார். ஒன்பது வைத்தான பிறகும் சிறிது இடம் மிச்சமிருந்தது. இன்னொன்றைத் திணித்தால் என்ன என்று கேட்டேன். "நெருக்கினா ஒண்ணோட ஒண்ணு உரசும் சார். மூச்சு விட இடம் வேணும்" என்றார். அச்சைச் செருகிக் கோனை விரலாலேயே முட்டும் வரையில் திருகி, கால் சுற்றுத் தளர்த்தி, லாக்நட்டைப் பூட்டினார். ரிம்மைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆட்டம் இருந்தது. நட்டை அவிழ்த்து நூலிழை திருகி மறுபடியும் பூட்டினார். இப்போது ஆட்டம் இல்லை, ஆனால் அச்சை விரலால் சுற்றும்போது கரகரத்தது. இறுக்கம் அதிகம். மறுபடியும் அவிழ்த்தார். நாலு தடவை இப்படி நடந்தது. இறுகினாலும் ஆபத்து, தளர்ந்தாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் தலைமயிர் கனம்கூட இராது. எந்த அளவுகோலும் இல்லாமல் அந்த இடத்தை அவர் கைவிரல்கள் கண்டுபிடித்தன.

சக்கரத்தைப் பூட்டி, லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வேகம் குறைந்து, நின்றுவிடப் போகிறது என்று தோன்றியபோது நிற்காமல் பின்னால் திரும்பி, முன்னால் வந்து, ஊஞ்சல் போல இரண்டு மூன்று தரம் ஆடி, வால்வு அடியில் வந்து ஓய்ந்தது. வால்வின் கனம் எவ்வளவு இருக்கும்? அந்தக் கனமே சக்கரத்தைக் கீழே இழுத்துக்கொள்ளுமானால் உள்ளே தடை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "சரியாப் போச்சு சார்" என்றார். அவர் கேட்ட கூலியை இங்கே எழுதினால் அவருக்கு அவமானமில்லை, எனக்குத்தான் அவமானம். கேட்டதற்கு மேலே கொடுத்தேன். மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார். உடைந்த குண்டை மாத்திரம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மந்தைவெளியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் டயர் தாரில் ஒட்டிப் பிரிகிற ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. மாட வீதித் திருப்பத்தில் கீரைக் கூடையோடு குறுக்கே வந்த அம்மாள் ஒருத்தி, நான் பக்கத்தில் வந்த பிறகே திடுக்கிட்டு, "மணி அடிச்சாத்தான் என்னவாம்?" என்று கோபித்துக்கொண்டாள். வீட்டு வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். மனைவி ஊஞ்சலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேட்கலியே!" என்றாள்.

அன்றைக்குக் காபி அரைமணி தாமதம்.